உப்பில் வாழும் பச்சைப் பாசி: டுனாலியெல்லா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுனாலியெல்லா சலினா என்ற நுண்பாசியைப் பற்றி மாணவர்களும் உப்பளக்காரர்களும், 'பாசிப் பண்ணை போடலாமா' என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தொழில் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராகக் கீழே போய்விடலாம். ஆனால் கிளிசரால், நிறம் ஆகிய இரண்டு பதில்களையும் படிக்காமல் போனால், தொழிலில் பணம் எங்கே கரைகிறது என்பது புரியாது.

இது பாசியா, பாக்டீரியாவா?

பாசிதான். ஒரே செல்லால் ஆன பச்சைப் பாசி. அளவு 5 முதல் 25 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும். முன்முனையில் ஒரே நீளமுள்ள இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றை அடித்துக்கொண்டு நீந்தும். உள்ளே கிண்ண வடிவில் ஒரே ஒரு பசுங்கணிகம், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு. கடைகளில் கிடைக்கும் ஸ்பைருலினாவையும் 'பாசி' என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது உண்மையில் நீலப்பச்சை பாக்டீரியா. டுனாலியெல்லாவோ தாவரங்களின் பக்கத்து உறவு.

இதற்குச் செல் சுவர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளோரெல்லா போன்ற பாசிகளைக் கெட்டியான சுவர் ஒன்று மூடியிருக்கும். இதில் ஒரு மெல்லிய சவ்வும், அதன்மேல் வழவழப்பான ஒரு பூச்சும் மட்டுமே. இதன் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பெயர் எப்படி வந்தது?

தெற்கு பிரான்சின் மோன்பெலியே பக்கத்து உப்பளங்களில் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று 1830களில் பிரெஞ்சு அறிவியலாளர்களிடையே ஒரு சர்ச்சை. உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு இறால்தான் காரணம் என்றார் பயேன். ஒரு செல் பாசிதான் காரணம் என்று 1838இல் சொன்னவர் மிஷேல் பெலிக்ஸ் டுனால். ஆனால் அவர் அதை வேறு பேரினங்களில் சேர்த்து வைத்தார். 1905இல் ருமேனிய அறிஞர் எமனோயில் தியோடரெஸ்கோ இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, டுனாலின் பெயரையே வைத்தார்.

இவ்வளவு உப்பில் எப்படிச் சாகாமல் இருக்கிறது?

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது அல்லவா? செறிவான உப்புநீரில் விழுந்த எந்தச் செல்லுக்கும் அதே கதிதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பு படியத் தொடங்கும் பாத்தியில் அதைப்போல ஏழெட்டு மடங்குக்கும் மேல். டுனாலியெல்லா கடல்நீரைவிட நீர்த்த நீரிலிருந்து, இனி உப்பே கரையாது என்ற நிலைவரை வாழும். இத்தனை அகலமான வரம்பில் வாழ்கிற உயிர்கள் வெகு சில.

வெளியே எவ்வளவு உப்பு இருக்கிறதோ, அதற்கு ஈடாகத் தனக்குள் கிளிசரால் என்ற கெட்டியான, இனிப்பான நீர்மத்தைச் செய்து நிரப்பிக்கொள்வதுதான் இதன் வழி. சோடியத்தை உள்ளே அண்ட விடாது. வெளியே உப்பு கொதித்தாலும் செல்லுக்குள் சோடியம் மிகக் குறைவு. அந்த இடத்தில் கிளிசரால். மிகச் செறிவான உப்புநீரில் செல்லின் உலர் எடையில் கிட்டத்தட்டப் பாதிவரைகூட கிளிசராலாக இருக்கலாம். புரதங்களுக்குக் கெடுதல் செய்யாத பொருள் என்பதால் எவ்வளவு சேர்ந்தாலும் செல்லின் வேலை நிற்பதில்லை.

இதை விரிவாக அவிழ்த்துக் காட்டியவர்கள் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தைச் சேர்ந்த அமி பென்-அமோட்சும் மோர்தாய் அவ்ரோனும். 1970களில் தொடங்கிய வேலை. உப்பைத் திடீரெனக் கூட்டினால் செல் உடனே சுருங்குகிறது. சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைத்துக் கிளிசராலாக்கி, இரண்டொரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. இருட்டிலும் இது நடக்கும். உப்பைக் குறைத்தால் எதிர்த்திசை: செல் வீங்குகிறது, கிளிசரால் திரும்ப மாவுச்சத்தாகிறது. செல் சுவர் இல்லாததால்தான் இப்படிச் சுருங்கி விரிய முடிகிறது. கிளிசரால் சாதாரணமாகச் செல் சவ்வுகளைத் தாண்டிக் கசிந்துவிடும் பொருள். இந்தப் பாசியின் சவ்வு மட்டும் அதைப் பெரும்பாலும் கசிய விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பச்சைப் பாசி ஏன் சிவப்பாகிறது?

பீட்டா கரோட்டின். கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள். சாதாரணப் பாசிகளிலும் இலைகளிலும் இது ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய அளவு, அதாவது உலர் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். டுனாலியெல்லா சலினாவை வாட்டி எடுத்தால் அது 10 சதவீதம் வரை போகும். அதையும் தாண்டிய அளவுகள் பதிவாகியிருக்கின்றன. இயற்கையில் இதற்கு இணையான பீட்டா கரோட்டின் மூலம் வேறு இல்லை.

வாட்டுவது என்றால்? கொளுத்தும் வெயில், அதிக உப்பு, நைட்ரேட் போன்ற சத்து பற்றாக்குறை. மூன்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வெயிலைத் தடுக்க முடியாது, வளரவும் சத்து இல்லை. அந்த நிலையில் உள்ளே வந்து குவியும் ஒளி பசுங்கணிகத்தையே சிதைத்துவிடும். அப்போது பாசி பசுங்கணிகத்துக்குள் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளைச் செய்து, அவற்றில் கரோட்டினை நிறைத்து ஒரு திரையாக விரித்துக்கொள்கிறது. கரோட்டின் நீல ஒளியை உறிஞ்சும். அதனால் நீல ஒளியின் சேதத்திலிருந்து இந்தத் திரை காப்பாற்றுகிறது. சிவப்பு ஒளியிலிருந்து காப்பாற்றுவதில்லை. பச்சையம் குறைய, கரோட்டின் கூட, தண்ணீர் ஆரஞ்சாகிப் பிறகு செங்கல் நிறத்துக்கு வருகிறது.

தொழிலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாசி சுகமாக இருந்தால் வேகமாகப் பெருகும், ஆனால் பச்சையாகவே இருக்கும். கஷ்டப்படுத்தினால் கரோட்டின் சேரும், ஆனால் பெருகாது. இரண்டும் ஒருசேர வேண்டும் என்றால் கிடைக்காது. இந்த உயிரை வைத்துப் பணம் பண்ண முயன்ற எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இளஞ்சிவப்பு ஏரிகள் எல்லாம் இதனால்தானா?

பாதி உண்மை. சுற்றுலாப் படங்களில் வரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹில்லியர் ஏரி, ஹட் லகூன், செனகலின் ரெட்பா ஏரி இவற்றுக்கெல்லாம் 'டுனாலியெல்லாதான் காரணம்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அங்கே இந்தப் பாசியோடு உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களும் (பார்க்கப் பாக்டீரியா போலிருக்கும், ஆனால் தனி வகையான நுண்ணுயிர்கள்), சலினிபாக்டர் என்ற சிவப்பு பாக்டீரியாவும் வாழ்கின்றன. பாசிக்குள் கரோட்டின் சிறு துளிகளில் நெருக்கி அடைபட்டுக் கிடக்கிறது. ஆர்க்கியாக்களின் சிவப்பு நிறமியோ ஒவ்வொரு செல்லின் சவ்விலும் பரவியிருக்கிறது. அதனால் எடைக் கணக்கில் கரோட்டின் அதிகமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் இளஞ்சிவப்பில் பெரும் பங்கு ஆர்க்கியாவுக்குப் போய்விடுகிறது.

பாசி அங்கே செய்வது வேறொரு வேலை. அதிலிருந்து கொஞ்சமாகக் கசியும் கிளிசராலும் செத்த செல்களும்தான் மற்றவற்றுக்கு உணவு. சாக்கடலில் இதைப் பார்த்தார்கள். 1980இலும் 1992இலும் நல்ல மழைக்காலம் முடிந்து, மேல்நீர் நீர்த்துப் போனதும் டுனாலியெல்லா பெருகியது. அதைத் தொடர்ந்து ஆர்க்கியாக்கள் பெருகித் தண்ணீர் சிவந்தது. மழை இல்லாத ஆண்டுகளில் அங்கே மக்னீசியம், கால்சியம் அளவு பாசிக்கே தாங்காது.

தூத்துக்குடி உப்பளங்களில் தெரியும் சிவப்பும் இதுதானா? உப்புக்குக் கெடுதலா?

ஆமாம், இதுவும் ஆர்க்கியாவும் சேர்ந்து. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடலோர உப்பளம் எங்கே இருந்தாலும் செறிவு ஏறிய பாத்தியில் இந்த உயிர்கள் தாமாகவே வந்துவிடும். யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை.

உப்புக்குக் கெடுதல் இல்லை, நன்மைதான். சிவந்த நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடாகிறது, ஆவியாதல் கூடுகிறது. செறிவு குறைந்த முன்பாத்திகளில் ஆர்ட்டீமியா இறால் இந்தப் பாசியைத் தின்று நீரைத் தெளிவாக வைக்கிறது. அந்த இறாலைத் தின்ன வருகின்றன பூநாரைகள். அவற்றின் இறகு நிறமும் இப்படி உணவு வழியே வந்த கரோட்டினாய்டுகள்தான். உப்பைக் கெடுக்கும் ஆள் வேறு. அபானோதீசி என்ற நீலப்பச்சை பாக்டீரியா அளவுமீறிப் பெருகிக் கோழை போன்ற பசையை விட்டால் நீர் பிசுபிசுத்துப்போகும், உப்பு நல்ல மணியாக விளையாது. அந்தப் பழி சில சமயம் டுனாலியெல்லா மேல் விழுகிறது.

பீட்டா கரோட்டினுக்காக இதை எங்கே வளர்க்கிறார்கள்?

முதல் முயற்சி சோவியத் ஒன்றியத்தில். 1960களில் உக்ரைனில் மசியூக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைக் கரோட்டின் மூலமாக எடுத்துக்கொண்டு, திறந்த உப்புக் குளங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரிய அளவில் வணிகமாக்கியது 1980களில் ஆஸ்திரேலியாவும் இஸ்ரேலும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வழியில் போனது சுவாரசியம்.

ஆஸ்திரேலியர்களிடம் இடம் இருந்தது. பெர்த் நகருக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டரில் உள்ள ஹட் லகூனிலும், தெற்கு ஆஸ்திரேலியாவின் வையல்லாவிலும் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் ஆழமில்லாத குளங்களை வெட்டினார்கள். கலக்குவதற்கு எந்திரம் கிடையாது, காற்று கலக்குவதுதான். கார்பன் டையாக்சைடு ஊதுவதும் கிடையாது. உப்பை மட்டும் மிக உயரத்தில் வைத்திருப்பார்கள். பாசி மெதுவாகத்தான் வளரும், லிட்டருக்குக் கிடைப்பதும் சொற்பம். ஆனால் செலவும் சொற்பம், குளமோ கண்ணுக்கெட்டிய தூரம்வரை. இந்தத் தொழில்கள் பிறகு காக்னிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2010இல் காக்னிஸை ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் வாங்கியது. செயற்கை பீட்டா கரோட்டின் தயாரிப்பில் முன்னணியில் இருப்பதும் அதே பிஏஎஸ்எஃப்தான். போட்டியாளரையே வாங்கிப் போட்டுக்கொண்டது என்று சிரிப்பவர்கள் உண்டு.

இஸ்ரேலின் எய்லாத் நகரில் இடம் குறைவு, வெயில் அதிகம். ஜப்பானின் நிக்கென் சோஹோன்ஷாவுக்குச் சொந்தமான நேச்சர் பீட்டா டெக்னாலஜீஸ் அங்கே 1988இல் தொடங்கியது. ஓட்டப்பந்தயத் தடம்போல் நீள்வட்டமாகச் சுற்றும் குளங்கள், ஆழம் 20 சென்டிமீட்டர் அளவுதான், துடுப்புச் சக்கரம் நீரை ஓட்டிக்கொண்டே இருக்கும், கார்பன் டையாக்சைடு ஊதுவார்கள், சத்தை அளந்து கொடுப்பார்கள். அவர்கள் வளர்ப்பது சினாய் தீபகற்பத்தின் வடகரையில் உள்ள 'பர்தாவில்' என்ற காயலிலிருந்து எடுத்த வகை. 'டுனாலியெல்லா பர்தாவில்' என்று தனிப் பெயரில் சொல்வார்கள். அது சலினாவின் ஒரு வகைதான் என்பவர்களும் உண்டு. பாசியைப் பிரித்துத் தூள் தெளிப்பு முறையில் உலர்த்தி, முழுப் பாசித் தூளாகவே மாத்திரைக்குக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியச் சரக்கு பெரும்பாலும் எண்ணெயில் கரைத்த கரோட்டினாக உணவு நிறமிச் சந்தைக்குப் போனது. பொட்டலத்தில் 160ஏ என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். கரோட்டின் நிறமிகளின் எண் அது. பாசியிலிருந்து எடுத்தது அதில் ஒரு உட்பிரிவு.

உப்பை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்? குறைத்தால் வேகமாக வளருமே?

வளரும். ஆனால் அதைத் தின்ன வருகிறவையும் வளரும். பேப்ரியா என்ற குற்றிழை உயிரி, சில அமீபாக்கள், ஆர்ட்டீமியா எல்லாம் மிதமான உப்பில் வந்து ஓரிரு வாரத்தில் குளத்தைக் காலி செய்துவிடும். கூடவே டுனாலியெல்லா விரிடிஸ் என்ற உறவுக்காரப் பாசியும் வரும். அது வேகமாகப் பெருகும், கரோட்டின் மட்டும் சேர்க்காது. உப்பு ஏற ஏற இந்தக் கூட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கூரையும் கண்ணாடிக் குழாயும் இல்லாமல் திறந்த குளத்திலேயே ஒரு பாசியை ஏறக்குறைய தனியாக வளர்க்க முடிவது இந்த வேலி இருப்பதால்தான்.

அறுவடை ஏன் பெரிய பிரச்சினை என்கிறார்கள்?

குளத்துநீர் ஒரு லிட்டரில் பாசி ஒரு கிராம்கூட இருக்காது. பெரிய குளங்களில் அதைவிட மிகக் குறைவு. செல் சிறிது, அதன் அடர்த்தியும் உப்புநீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, எனவே தானாக அடியில் படியாது. வடிகட்டினால் சுவரில்லாத செல் நசுங்கித் துளைகளை அடைக்கும். மையவிலக்கு எந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் உடையும், உடைந்தால் கரோட்டின் காற்றுப்பட்டு வீணாகத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேல் உப்பு: இரும்பைத் தின்கிறது, குழாயில் படிகிறது, கடைசியில் தூளிலும் வந்து சேர்கிறது. அதைக் கழுவ நன்னீர் ஊற்றினால் செல் வெடித்துவிடும்.

இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். திரளச் செய்யும் வேதிப்பொருள், நுரைகட்டி மிதக்கவைப்பது, எண்ணெய்ப் பசை உள்ள பரப்பில் ஒட்டவைப்பது என்று. நிறுவனங்கள் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் ரகசியம் பெரும்பாலும் வளர்ப்பில் இல்லை, இதில்தான். பிரித்த பிறகு கரோட்டினை எடுப்பது எளிது. சூடான தாவர எண்ணெயிலேயே கரைந்து வந்துவிடும். உயர் அழுத்தத்தில் கார்பன் டையாக்சைடைச் செலுத்தியும் எடுப்பார்கள்.

செயற்கை பீட்டா கரோட்டின் மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. 1954 முதலே ரோச் நிறுவனம் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கிவிட்டது, இன்றும் சந்தையில் பெரும்பகுதி செயற்கைதான். பிளேக்ஸ்லியா என்ற பூஞ்சையிலிருந்தும் எடுக்கிறார்கள். விலையில் அவற்றோடு மோதினால் பாசி தோற்கும்.

வித்தியாசம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. செயற்கைச் சரக்கு அநேகமாக முழுவதும் நேரான டிரான்ஸ் வடிவம். பாசியில் அதோடு, ஓரிடத்தில் வளைந்த 9-சிஸ் வடிவமும் ஏறத்தாழப் பாதிவரை இருக்கும். டிரான்ஸ் வடிவம் சட்டெனப் படிகமாகிவிடும். 9-சிஸ் எண்ணெயில் நன்றாகக் கரையும். உடலிலும் இரண்டும் ஒரே பாதையில் போவதில்லை. 'இயற்கையானது' என்ற லேபிளுக்காக அதிக விலை கொடுப்பவர்கள் ஒரு பக்கம், 9-சிஸ் வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். பாசிக் கரோட்டின் உயிரோடு இருப்பது இந்த இரண்டு வாடிக்கையாளர்களால்தான்.

மாத்திரையாகச் சாப்பிடலாமா?

புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை பார்த்தவர்கள் வேண்டாம். இதில் சமரசம் இல்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. முடிவு வெளியானது 1994இல். அமெரிக்காவில் 30 மில்லிகிராமோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்வை, இதே திசையில் போகிறது என்று கண்டு 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித் தொடங்கிய ஆய்வுகள் இவை.

'அதெல்லாம் செயற்கைக் கரோட்டின், பாசியுடையது அப்படியில்லை' என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆய்வுகளில் கொடுத்தது செயற்கை என்பது உண்மைதான். அதனாலேயே பாசியுடையது புகைப்பவர்களுக்குப் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. உணவில் நிறத்துக்காகச் சேர்க்கும் சிறிய அளவைப் பற்றி இந்தக் கவலை இல்லை.

மற்றவர்களுக்கு? வைட்டமின் ஏ குறைபாடு இல்லாதவர் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்பேன். முருங்கைக்கீரையும் கேரட்டும் கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தாலே போதும். அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், நிறுத்தினால் சரியாகும். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் எந்தப் பாசி மாத்திரையையும் தொட வேண்டாம்.

கண் நோய்க்கு மருந்து என்று படித்தேனே?

மருந்தாக இன்னும் ஆகவில்லை, ஆனால் வெறும் கதையும் அல்ல. விழித்திரை ஒளியை உணர வைட்டமின் ஏ-யின் வளைந்த வடிவம் ஒன்று வேண்டும். சில பரம்பரை நோய்களில் அதைத் திரும்பச் செய்துகொள்ளும் சுழற்சி பழுதாகிறது. 9-சிஸ் கரோட்டினிலிருந்து கிடைக்கும் வளைந்த வடிவம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பக்கூடும் என்பது கருத்து. இஸ்ரேலின் ஷேபா மருத்துவமனைக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பாசித் தூளைக் கொடுத்தபோது சிலருக்கு விழித்திரையின் மின் செயல்பாடு மேம்பட்டது. பங்கேற்றவர்கள் சுமார் முப்பது பேர்தான். ஏற்கெனவே கண் மருத்துவர் கொடுத்திருக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இதன் பின்னால் போக இது காரணமாகாது.

உலர் எடையில் பாதி கிளிசரால் என்றால், அதையே எடுத்து விற்கலாமே?

முதலில் எல்லோரும் நினைத்தது அதைத்தான். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, பாலைவனமும் உப்புநீரும் வெயிலும் போதும், கிளிசராலைக் குளத்திலேயே விளைவிக்கலாம் என்று இஸ்ரேலில் திட்டம் போட்டார்கள். கணக்கு உதைத்தது. லிட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லாத பாசியைப் பிரிக்கும் செலவைக் கிளிசரால் போன்ற மலிவுப் பொருள் தாங்காது. கவனம் கரோட்டின் பக்கம் திரும்பியது. 2000களில் பயோடீசல் ஆலைகள் பெருகி, கழிவாகவே கிளிசரால் மலைபோல் வந்து விழுந்தபின் அந்தக் கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது.

அப்படியென்றால் பயோடீசல்?

அதே காரணத்தால், இல்லை. எண்ணெய் அளவும் இதில் பிரமாதம் கிடையாது. இது எரிபொருள் தரும் என்று யாராவது பங்கு விற்க வந்தால் அறுவடைச் செலவைக் கேளுங்கள்.

கரோட்டின் எடுத்தபின் மிஞ்சும் புரதம், கிளிசரால், மற்ற நிறமிகள் என்று எல்லாவற்றையும் விற்றால் கட்டுப்படியாகுமா என்று பார்த்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 'டி-பேக்டரி' திட்டம். 2013 முதல் 2017 வரை கிரீனிச் பல்கலைக்கழகம் தலைமையில் நடந்தது. அந்தக் குழுவின் தொடர் ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. சிவப்பு ஒளியில் வளர்த்தால் 9-சிஸ் பங்கு கூடுகிறது. சில களைக்கொல்லிகளால் கரோட்டின் உருவாகும் பாதையை நடுவில் மறித்தால், கரோட்டினுக்கு முந்தைய நிலையான, நிறமற்ற பைட்டோயீன் தேங்குகிறது. பைட்டோயீன் புற ஊதா ஒளியை உறிஞ்சும் என்பதால் சருமப் பூச்சுத் தொழிலுக்கு அதில் கண்.

இறால் பொரிப்பகத்தில் தீவனமாகக் கொடுக்கலாமா?

மட்டும் கொடுத்தால் போதாது. செல் சுவர் இல்லாததால் எளிதில் செரிக்கும், ஆர்ட்டீமியாவும், ரோட்டிபர் என்ற நுண்ணிய நீர் உயிரியும் ஆசையாகத் தின்னும். ஆனால் குஞ்சுகள் வளரத் தேவையான இபிஏ, டிஎச்ஏ என்ற நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இதில் இல்லை. அதனால்தான் பொரிப்பகங்கள் கீட்டோசெரஸ், ஐசோகிரைசிஸ் என்ற வேறு நுண்பாசி வகைகளை விடுவதில்லை. வளர்ந்த இறாலுக்கு நிறம் ஏற்ற இதைத் தீவனத்தில் கலப்பது வேறு விஷயம். இறால் பீட்டா கரோட்டினைத் தன் சிவப்பு நிறமியான அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்ளும். வரி இறாலில் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு இது எதற்குப் பயன்படுகிறது?

உப்பைத் தாங்கும் தாவரச் செல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கத்தான் முதலில். செல் சுவர் குறுக்கே நிற்காததால் சவ்வில் நடப்பதை நேரடியாக ஆராயலாம். வைஸ்மான் நிறுவனத்தில் ஊரி பிக்கின் குழு, உப்பு கூடும்போது இதன் சவ்வில் பெருகும் இரண்டு புரதங்களைக் கண்டது. ஒன்று கார்பன் டையாக்சைடைப் பிடிக்க உதவும் நொதி. மற்ற உயிர்களில் உள்ள அதே வகை நொதி செயலிழக்கும் உப்பிலும் இது வேலை செய்யும். மற்றொன்று இரும்பைக் கவரும் புரதம். நம் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரினின் குடும்பம். உப்புநீரில் உயிர் வாழ்வதில் பாதி, இரும்பும் கார்பனும் கிடைக்காத பஞ்சத்தைச் சமாளிப்பதுதான் என்று இதிலிருந்து புரிந்தது.

ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியாளர்களுக்கும் இது பழைய நண்பன். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அனஸ்டாசியோஸ் மெலிஸின் குழு, அதிக வெளிச்சத்தில் செல் தன் ஒளி பிடிக்கும் அமைப்பை எப்படிச் சுருக்கிக்கொள்கிறது, சேதமான பகுதியை எப்படிப் பழுது பார்க்கிறது என்பதை இதில்தான் பார்த்தது. டுனாலியெல்லா டெர்ட்டியோலெக்டா என்ற கடல்நீர் இனம், நீரில் கலக்கும் நச்சுகளைச் சோதிக்கப் பல ஆய்வகங்களில் புழங்குகிறது.

2017இல் சலினாவின் முழு மரபணுத் தொகுதியின் வரைவு வெளியானது. சுமார் 34 கோடி டிஎன்ஏ எழுத்துகள். உறவுப் பாசியான கிளமிடோமோனாஸைப்போல மூன்று மடங்கு. அவ்வளவு சின்ன உயிருக்கு இத்தனை எதற்கு என்றால், பெரும்பகுதி புரதத்துக்கான குறியீடு இல்லாத இடைவெளிகள்.

இதன் மரபணுவை நெல்லில் வைத்தால் உவர் நிலத்தில் விளையாதா?

ஒரு மரபணுவில் அடங்கும் விஷயமாக இருந்தால் எப்போதோ செய்திருப்பார்கள். கிளிசராலைச் செய்யும் நொதி மட்டும் போதாது. அதைக் கசிய விடாத சவ்வு வேண்டும், சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ள வேண்டும். நெல்லின் வேருக்கும் இலைக்கும் அந்தச் சவ்வு கிடையாது.

மறுபக்கத்திலிருந்து, பாசிக்குள் வேறு மரபணுவை வைக்கும் வேலை நடக்கிறது. நம் இறால் பண்ணையாளர்கள் அஞ்சும் வெண்புள்ளி நோய் வைரஸின் வெளியுறைப் புரதத்தை இதில் உண்டாக்கி, சீனாவில் நன்னீர்க் கல்லிறாலுக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். தின்றாலே தடுப்பு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். உள்ளே வைத்த மரபணு தலைமுறை தாண்டி நிலைக்காமல் போவது இதில் தீராத தொல்லை.

தமிழ்நாட்டில் பண்ணை போடலாமா?

வெயிலும் உப்புநீரும் இருக்கின்றன. மைசூருவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும், பவநகரின் உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் பாசியில் வேலை செய்திருக்கின்றன. பாசித் தொழிலும் நமக்குப் புதிதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் பாரி நிறுவனம் ஸ்பைருலினா வளர்க்கிறது.

தடை இரண்டு. ஒன்று வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நல்ல மழை விழுந்தால் திறந்த குளத்தின் உப்பு இறங்கும். பாசியைத் தின்னும் கூட்டம் உள்ளே வரும். உப்பளக்காரர்கள் அந்த மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டு, தை பிறந்தபின் மறுபடி பாத்தி கட்டுகிறார்கள். பாசிப் பண்ணைக்கும் ஆண்டுக்கு அவ்வளவு மாதம் ஓய்வு கொடுக்க முதலீடு தாங்குமா? ஹட் லகூனையும் எய்லாத்தையும் தேர்ந்தெடுத்ததில் மழை குறைவு என்பது பெரிய காரணம்.

இரண்டாவது, முன்பே சொன்ன அறுவடை. ஸ்பைருலினா சுருள் சுருளான இழை என்பதால் துணியில் வடிகட்டிவிடலாம். மகளிர் குழுக்கள்கூடச் செய்கின்றன. 'அதே மாதிரிதான் இதுவும்' என்று சொல்லிப் பயிற்சி வகுப்புக்குக் காசு கேட்டால் நம்ப வேண்டாம். இதற்கு மையவிலக்கு, உலர்த்தி, காற்றுப் புகாமல் நைட்ரஜன் நிரப்பி அடைப்பது என்று செலவு பெரிது. உப்பளத்தோடு இணைத்து, கையில் வாங்குபவரை வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டால் யோசிக்கலாம். வீட்டு மாடியில் தொட்டி வைத்து என்றால் வேண்டாம்.

கல்லூரித் திட்டத்துக்கு ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். எப்படி?

இது சுலபம். உப்பளத்தின் சிவந்த பாத்தியிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து வந்து தொடங்கலாம். தூய வகை வேண்டுமென்றால் பாசிச் சேகரிப்பு மையங்களில் வாங்க வேண்டும். ஊடகத்துக்கு ஜான்சன் முறை பழகியது. லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், 35 மில்லிகிராம் பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம், கால்சியம் உப்புகள், சிறிது சோடியம் பைகார்பனேட், நுண்சத்துகள். அதோடு அயோடின் கலக்காத உப்பு 100 கிராம் அளவுக்கு. காரகாடி நிலை (pH) 7.5 பக்கம், 25 டிகிரி வெப்பம், வெள்ளை விளக்கு. குடுவையை நாளுக்கு இரண்டு முறை மெதுவாக ஆட்டிவிடுங்கள். வேகமாகக் கலக்கும் காந்தக் கலக்கி வேண்டாம், செல் உடையும்.

நன்றாகப் பச்சை கட்டியதும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே தொடருங்கள். மற்றதை நைட்ரேட் இல்லாத, உப்பு இரட்டிப்பான ஊடகத்துக்கு மாற்றிப் பலமான வெளிச்சத்தில் வையுங்கள். உப்பை ஒரேயடியாக ஏற்றாமல் நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றினால் இழப்பு குறையும். ஒன்றிரண்டு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும். பசுங்கணிகம் ஆரஞ்சாவதை 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே பார்க்கலாம். பாத்தி நீரிலிருந்து தொடங்கி, எத்தனை வாரமானாலும் பச்சையாகவே இருந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விரிடிஸ் போன்ற கரோட்டின் சேர்க்காத இனம். வேறு பாத்தியிலிருந்து எடுங்கள். எண்ணும்போது செல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் நின்றுவிடும். அந்த அயோடின் கரைசலையும் உங்கள் ஊடகத்தின் அதே உப்பு அளவில் தயாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செல்லின் அளவு மாறிக் கணக்கு தப்பாகும்.